தீர்ப்பளிக்கும் இடத்தில் நின்றவர்: நடுவர் ஸாக் கிளேட்டன்

1980ஆம் ஆண்டில் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியதை நேரில் கண்டவர்கள் நம் மூத்தோரிடையே உண்டு. வடசென்னையின் குத்துச்சண்டைக் கூடங்களில் பழகிய குடும்பங்களில் அலியின் பெயரும், ஜார்ஜ் போர்மேனின் பெயரும், ஜோ லூயியின் பெயரும் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களைப் போலவே வழங்கி வந்தன. 1974ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் விடியற்காலையில், ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் அலியும் போர்மேனும் மோதிய போட்டியைப் பற்றி அறியாத குத்துச்சண்டை ஆர்வலர் இல்லை. ஆனால் அந்த மேடையில் மூன்றாவதாக ஒருவர் நின்றார். வீழ்ந்து கிடந்த போர்மேனின் அருகே குனிந்து பத்து வரை எண்ணிக் கைகளை வீசிப் போட்டியை முடித்து வைத்தவர் அவரே. அவர் பெயர் என்ன என்று கேட்டால் விடை கூறுவோர் அரியர்.

அவர் பெயர் ஸாக்கரி கிளேட்டன். ஸாக் கிளேட்டன் என்றே உலகம் அவரை அழைத்தது. அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரத்துக் கறுப்பினப் பெருமகன். உலகக் கனஎடைப் பட்டப் போட்டிக்கு நடுவராக நின்ற முதற் கறுப்பர் அவரே. அந்தச் சிறப்பு அவரை அடைந்த ஆண்டு 1952. இந்த ஆண்டினை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், கறுப்பினத்தவர் ஒருவர் கனஎடைப் பட்டத்தையே வென்ற ஆண்டு 1908. பட்டத்தை வெல்வதற்கும், பட்டம் யாருக்கு என்று சொல்வதற்கும் இடையே நாற்பத்து நான்கு ஆண்டுகள் சென்றிருக்கின்றன.

அந்த நாற்பத்து நான்கு ஆண்டுகளின் கதையைச் சிறிது கூறிவிட்டுப் பின்னர் கிளேட்டனிடம் வருவோம்.

கையுறை அணிந்து ஆடும் இன்றைய குத்துச்சண்டைக்கு அடிப்படையான குயின்ஸ்பெரி விதிகள் 1867ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தன. மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, வீழ்ந்தவர் எழுவதற்குப் பத்து விநாடி என்பவை அவ்விதிகளில் அமைந்தவை. ஆனால் யார் யாருடன் மோதலாம் என்பதை எழுதப்படாத வேறொரு விதி தீர்மானித்தது. கனஎடைப் பட்டம் பெற்றிருந்த வெள்ளையர்கள், தாங்கள் கறுப்பருடன் மோதுவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். தோற்றுவிடுவோம் என்னும் அச்சத்துக்குக் குலப்பெருமை என்னும் போர்வை கிடைத்தது. இந்தப் போர்வையை நாமும் நம் ஊர்களில் கண்டிருக்கிறோம்.

அந்தத் தடையை உடைத்தவர் ஜாக் ஜான்சன். பட்டம் வைத்திருந்த டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டே சென்று, 1908ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அவரை வீழ்த்தினார். அப்போட்டிக்கு நடுவராக நின்றவர் போட்டியை நடத்திய முதலாளியாகிய ஹியூ மெக்கின்டாஷ். 1910ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ரீனோ நகரில், ஓய்விலிருந்து அழைத்து வரப்பட்ட ஜெப்ரீஸ் என்னும் வெள்ளை வீரரை ஜான்சன் வென்றார். அதற்கும் நடுவர் போட்டியை நடத்திய டெக்ஸ் ரிக்கார்டே. அந்த வெற்றிச் செய்தி பரவியதும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர், உயிர்களும் போயின. ஜான்சன் 1915இல் பட்டத்தை இழந்தார். அதன் பின்னர் 1937ஆம் ஆண்டு வரை எந்தக் கறுப்பருக்கும் கனஎடைப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பே வழங்கப்படவில்லை. 1937இல் ஜோ லூயி வென்றார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்தார். மேடையில் மோதுகிற இருவரில் ஒருவராகக் கறுப்பரை ஏற்றுக்கொள்ள நாடு பழகிவிட்டது. இருவர்க்கும் நடுவே நிற்பவராக ஏற்றுக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

இது ஏன் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். குத்துகிறவனுக்கு வலிமை போதும் என்று கருதுகிறார்கள். நடுவனுக்கோ அறிவு வேண்டும், நேர்மை வேண்டும், சினம் கொள்ளாத உள்ளம் வேண்டும், அவன் சொல்லுக்கு இருவரும் கட்டுப்படவும் வேண்டும். ஒடுக்கப்பட்டவனிடம் உடல் வலிமை உண்டு என்பதை ஒடுக்குபவன் என்றும் மறுத்ததில்லை. அவ்வலிமையால்தானே அவன் வயலும் வரப்பும் செழித்தன. மறுக்கப்பட்டவை மற்றவையே.

ஸாக் கிளேட்டன் 1913ஆம் ஆண்டில் தென்பகுதி மாநிலமாகிய வர்ஜீனியாவில், குளோஸ்டர் வட்டாரத்தில் பிறந்தார். அவருடைய இளமையிலேயே வாழ்க்கை பிலடெல்பியாவுக்கு மாறியது. அந்நாளில் தென்பகுதியின் பருத்தி வயல்களையும் புகையிலைத் தோட்டங்களையும் விட்டு வடக்கு நகரங்களை நோக்கிக் கறுப்பின மக்கள் சாரிசாரியாகப் பெயர்ந்து கொண்டிருந்தார்கள். 1910 முதல் 1970 வரை அவ்வாறு பெயர்ந்தோர் ஏறத்தாழ அறுபது இலட்சம் பேர். (கிளேட்டன் பிறந்த அதே 1913ஆம் ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தை அடுத்திருப்பது ஹார்லெம் என்னும் கறுப்பினத்தார் குடியிருப்பு. அதே ஹார்லெமில் தோன்றிய ஓர் அணியில்தான் பிற்காலத்தில் கிளேட்டன் புகழ் பெற்றார்.)

குத்துச்சண்டை நடுவராக அறியப்படுமுன் அவர் பெரிய விளையாட்டு வீரர். கறுப்பினத்தாருக்கென்று தனியே இருந்த பேஸ்பால் அணிகளில் ஆடினார். ஆயினும் அவர் திறமை முழுமையாக வெளிப்பட்டது கூடைப்பந்தில். ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியிலும், நியூயார்க் ரெனைசான்ஸ் அணியிலும் அவர் ஆடியிருக்கிறார். ரென்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இந்த இரண்டாவது அணியைப் பற்றி நாம் சற்று விரிவாக அறிதல் தகும்.

ரென்ஸ் அணியை 1923ஆம் ஆண்டில் தொடங்கியவர் பாப் டக்ளஸ். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய கறுப்பர். அவ்வணியின் வீரர்களும் கறுப்பர், உரிமையாளரும் கறுப்பர். ஹார்லெமில் இருந்த ஒரு நடனக் கூடத்தின் தளமே அவர்களுடைய ஆடுகளம். ஆட்டம் முடிந்ததும் அதே தளத்தில் நடனம் நடைபெறும். 1932-33 பருவத்தில் இவ்வணி தொடர்ந்து 88 ஆட்டங்களில் வென்றது. ஆனால் ஊர் ஊராகச் சென்று ஆடிய அந்த வீரர்களுக்குப் பல ஊர்களில் விடுதிகளில் அறை கிடையாது. உணவகங்களில் இருக்கை கிடையாது. தங்க இடம் தரும் ஒரு நகரில் தங்கிக்கொண்டு, பேருந்தில் நெடுந்தொலைவு சென்று ஆடிவிட்டு, இரவோடிரவாகத் திரும்பிவிடுவார்கள். பேருந்திலேயே உண்டு பேருந்திலேயே உறங்கிய நாட்களும் உண்டு. தேநீர்க் கடையில் தனிக்குவளை கண்ட நமக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளையர் அணிகளும் கறுப்பினத்தார் அணிகளும் ஒரே களத்தில் மோதும் தொழில்முறைக் கூடைப்பந்து உலகப் போட்டி 1939ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் முதன்முதலாக நடைபெற்றது. ரென்ஸ் அணி இறுதியாட்டத்தில் ஆஷ்காஷ் ஆல்ஸ்டார்ஸ் என்னும் வெள்ளையர் அணியை 34க்கு 25 என்னும் புள்ளிகளில் வென்று வாகை சூடியது. அவ்வணியில் கிளேட்டன் இருந்தார். நான்காண்டுகள் கழித்து, 1943இல் அதே உலகப் போட்டியில் வாஷிங்டன் பேர்ஸ் என்னும் மற்றொரு கறுப்பினத்தார் அணி வென்றது. இறுதியில் தோற்றது மீண்டும் ஆஷ்காஷ் அணியே. அந்த வாஷிங்டன் அணியிலும் கிளேட்டன் இருந்தார். வேறு வேறு அணிகளில் நின்று இருமுறை உலக வாகையரானவர் அவர்.

இத்தகைய வீரருக்கு நாட்டின் பெரிய தொழில்முறைச் சங்கத்தில் இடம் கிடைத்ததா? இல்லை. இன்று என்.பி.ஏ. என வழங்கும் சங்கம் 1946இல் வேறொரு பெயரில் தொடங்கப்பட்டபோது அதில் கறுப்பர் எவரும் சேர்க்கப்படவில்லை. 1950ஆம் ஆண்டில்தான் கதவு திறந்தது. அப்போது கிளேட்டனுக்கு வயது முப்பத்தேழு. கூடைப்பந்தில் அது ஓய்வு பெறும் வயது. வாய்ப்பு வந்தபோது அவர் வயதைக் கடந்துவிட்டார் என்று சொல்வதா, அவர் வயதைக் கடக்கும் வரை வாய்ப்பு வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்வதா? எப்படிச் சொன்னாலும் இழப்பு ஒன்றே.

அவர் முடங்கிவிடவில்லை. பிலடெல்பியா நகரத் தீயணைப்புத் துறையில் பணியாற்றினார். எரியும் வீட்டுக்குள் நுழைகிறவரிடம் எவரும் நிறம் கேட்பதில்லை. விளையாட்டை விட்டுவிடவும் அவர் மனம் ஒப்பவில்லை. குத்துச்சண்டை நடுவராகத் தம்மைப் பயிற்றிக்கொண்டு மேடையேறினார். பிலடெல்பியா குத்துச்சண்டைக்குப் பேர்போன நகரம். தெருவுக்குத் தெரு பயிற்சிக்கூடங்கள் இருந்த ஊர். அங்கே நடுவராக நிற்பவரின் ஒவ்வோர் அசைவையும் அறிந்து குறை கூறக்கூடிய கூட்டம் இருந்தது. சிறு போட்டிகளில் தொடங்கிப் படிப்படியாக அவர் உயர்ந்தார்.

நடுவரின் பணி எத்தகையது என்பதனை இங்கே கூறிவிடுதல் நலம். இருவர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டால் பிரித்துவிட வேண்டும். கழுத்தை வளைத்துப் பிடிப்பது, இடுப்புக்குக் கீழே குத்துவது, தலையால் முட்டுவது முதலியவற்றைக் கண்டு எச்சரிக்க வேண்டும். அடி வாங்குகிறவன் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத நிலைக்கு வந்துவிட்டானா, அல்லது இன்னும் ஆற்றல் உள்ளவனாக இருக்கிறானா என்று விநாடிக்கு விநாடி கணிக்க வேண்டும். ஒரு கணம் முந்தினால் ஒருவனுடைய பட்டம் போய்விடும். ஒரு கணம் பிந்தினால் ஒருவனுடைய உயிரே போய்விடலாம். ஒருவர் வீழ்ந்ததும் நின்றுகொண்டிருப்பவரை எதிர் மூலைக்கு அனுப்ப வேண்டும். மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் நேரக் காப்பாளர் அதற்குள் எண்ணத் தொடங்கியிருப்பார். அந்த எண்ணிக்கையை நடுவர் தம் வாயிலும் விரல்களிலும் வாங்கித் தொடர வேண்டும். 1927இல் சிகாகோவில் டெம்ப்சி மூலைக்குச் செல்லத் தாமதித்ததால், வீழ்ந்த டனிக்கு ஏறத்தாழப் பதினான்கு விநாடி கிடைத்ததும், அவரே எழுந்து வென்றதும் இன்றளவும் பேசப்படுகின்றன. இவற்றோடு, அந்நாளில் பல போட்டிகளில் நடுவரும் மதிப்பெண் வழங்குவார்.

1952ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பிலடெல்பியா நகர விளையாட்டரங்கில் உலகக் கனஎடைப் பட்டத்துக்கான போட்டி நடைபெற்றது. பட்டம் வைத்திருந்தவர் ஜெர்சி ஜோ வால்காட். அவர் வரலாறும் ஒரு தனி வரலாறு. வறுமையில் உழன்று, பசியோடு பயிற்சி செய்து, நான்கு முறை பட்டத்துக்காக மோதித் தோற்று, ஐந்தாம் முறை, முப்பத்தேழாம் வயதில், 1951 ஜூலையில் எஸ்ஸார்டு சார்லஸை வீழ்த்தி வென்றவர். அதே சார்லஸ்தான் இப்போது எதிரில் நின்றார். மோதிய இருவரும் கறுப்பர். நடுவராக மேடையேறிய ஸாக் கிளேட்டனும் கறுப்பர். கனஎடைப் பட்ட மேடையில் அதற்கு முன் எவரும் காணாத காட்சி அது.

போட்டி பதினைந்து சுற்றுகளும் நடைபெற்றது. எவரும் வீழ்ந்து ஆட்டம் முடியவில்லை. எனவே தீர்ப்பு மதிப்பெண் சீட்டுக்கு வந்தது. கிளேட்டனும் மற்ற இரு தீர்ப்பாளர்களும் வால்காட்டே வென்றார் என்று ஒருமித்து எழுதினர். மேடையருகே அமர்ந்திருந்த பத்திரிகையாளர் பலர் சார்லஸே மேலோங்கியிருந்தார் என்று கருதினார்கள். சர்ச்சை எழுந்தது. தமது முதல் பெரும் போட்டியிலேயே இப்படியொரு நெருக்கமான ஆட்டம் அவருக்கு வாய்த்தது. எளிதாக முடியும் போட்டி ஒன்று கிடைத்திருந்தால் பாராட்டோடு போயிருக்கும். ஆனால் அவருடைய சீட்டும் மற்ற இருவர் சீட்டும் ஒரே பெயரைக் கூறியதால் அவரைத் தனியே சுட்ட இயலவில்லை. முதலாமவராகச் செல்கிறவரின் பிழை அவர் பிழையாக மட்டும் நிற்பதில்லை, அவர் பிறந்த இனத்தின் பிழையாக எழுதப்படும் என்பதை நாம் அறிவோம். அரசு அலுவலகத்தில் முதல் நாற்காலியில் அமர்ந்த நம்மவரிடம் கேட்டால் இதனை விரிவாகச் சொல்வார்.

அதே ஆண்டு செப்டம்பரில், அதே அரங்கில், வால்காட் மார்சியானோ என்னும் வெள்ளை வீரருடன் மோதிப் பட்டத்தை இழந்தார். அப்போட்டிக்கு நடுவர் கிளேட்டன் அல்லர். இதற்கு உள்நோக்கம் கற்பிக்க நான் முற்படவில்லை. நடந்ததைக் கூறினேன்.

நடுவர் பணி எத்துணைக் கடினமானது என்பதற்கு அந்த வால்காட்டின் வாழ்விலிருந்தே சான்று கிடைக்கிறது. 1965ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் லூயிஸ்டன் என்னும் சிற்றூரில் முகமது அலியும் சோனி லிஸ்டனும் மோதியபோது, முன்னாள் வாகையர் என்னும் பெருமையால் வால்காட் நடுவராக அமர்த்தப்பட்டார். முதற் சுற்றிலேயே லிஸ்டன் வீழ்ந்தார். அலியோ மூலைக்குச் செல்லாமல் வீழ்ந்தவர் மேல் நின்று கூவிக்கொண்டிருந்தார். அவரை விலக்குவதிலேயே வால்காட்டின் கவனம் போயிற்று. நேரக் காப்பாளரின் எண்ணிக்கையை அவர் வாங்கவே இல்லை. லிஸ்டன் எழுந்து மீண்டும் ஆடத் தொடங்கிய பின், மேடையருகே இருந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கூப்பிட, இருவரையும் விட்டுவிட்டு வால்காட் ஓரத்துக்குச் சென்று விசாரித்துத் திரும்பிப் போட்டியை நிறுத்தினார். பெரும் குழப்பமாக முடிந்தது அது. வால்காட் மாபெரும் வீரர், நல்ல மனிதர், பிற்காலத்தில் தம் மாவட்டத்தின் ஷெரீபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், நியூஜெர்சி மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராகவும் இருந்தவர். ஆனால் குத்துவது வேறு, எண்ணுவது வேறு. கிளேட்டன் பெரும் குத்துச்சண்டை வீரராக இருந்தவர் அல்லர். நடுவர் பணியை ஒரு கல்வியாகக் கற்றுத் தேர்ந்தவர். இவ்வேறுபாடு நம் மாணவர் கருத்தில் கொள்ளத்தக்கது.

இனிக் கின்ஷாசாவுக்கு வருவோம். அந்நாளில் ஜயிர் என்று பெயர் பெற்றிருந்த காங்கோ நாட்டின் தலைநகர் அது. அதிபர் மொபுட்டு, தம் நாட்டின் பெயர் உலகெங்கும் ஒலிக்க வேண்டும் என்பதற்காக வீரர் ஒவ்வொருவருக்கும் ஐம்பது இலட்சம் டாலர் கிடைக்கச் செய்தார். ஏழை மக்களின் பணம் அவ்வாறு செலவானது சரியா என்பது தனிக் கேள்வி. செப்டம்பரில் நடக்க வேண்டிய போட்டி, பயிற்சியின்போது போர்மேனின் கண்ணருகே வெட்டுக்காயம் ஏற்பட்டதால் அக்டோபருக்குத் தள்ளிப்போயிற்று. அமெரிக்கக் காட்சிக் கூடங்களின் நேரத்துக்கு ஏற்ப, விடியலுக்கு முன்பே, ஏறத்தாழ நான்கு மணிக்குத் தொடங்கியது. அலிக்கு வயது 32; போர்மேனுக்கு 25. போர்மேன் தம் எதிரிகளை இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் நொறுக்கி வந்தவர். அலி உயிரோடு திரும்ப வேண்டுமே என்று அவர் நண்பர்களே அஞ்சினார்கள். அறுபது வயதைக் கடந்திருந்த கிளேட்டன் அன்று நடுவர்.

அலி செய்தது யாரும் எதிர்பாராதது. இரண்டாம் சுற்றிலிருந்தே கயிற்றில் சாய்ந்துகொண்டு, கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, போர்மேனைக் குத்தவிட்டார். வெப்பமும் புழுக்கமும் நிறைந்த அந்த இரவில் குத்திக் குத்திப் போர்மேன் களைத்தார். இது அலியின் திட்டம் என்று இன்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அன்று, அந்த இடத்தில், ஒருவர் கயிற்றில் சாய்ந்து அடுக்கடுக்காக அடி வாங்குவதைக் காணும் நடுவருக்கு அது திட்டமா, தளர்ச்சியா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு இருந்தது. அவசரப்பட்ட நடுவர் போட்டியை நிறுத்தியிருக்கக்கூடும். கிளேட்டன் அலியின் கண்களையும் கைகளையும் கவனித்தார், ஆட்டத்தைத் தொடரவிட்டார். அதேபோது, அலி எதிரியின் கழுத்தை வளைத்துப் பிடித்துக் கீழே அழுத்தியபோதெல்லாம் எச்சரிக்கவும் அவர் தயங்கவில்லை. அரங்கில் கூடியிருந்த பல்லாயிரம் மக்களும் அலியின் பக்கம் நின்று முழங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைவிற் கொண்டால், அந்த எச்சரிக்கையின் அருமை விளங்கும்.

எட்டாம் சுற்றின் கடைசி விநாடிகளில் அலியின் அடுத்தடுத்த குத்துகளால் போர்மேன் சுழன்று வீழ்ந்தார். கிளேட்டன் எண்ணினார். போர்மேன் எழ முயன்று நிமிரும் தறுவாயில் எண்ணிக்கை முடிந்தது; ஆட்டமும் முடிந்தது. எண்ணிக்கை விரைவாக இருந்தது, கயிறுகள் தளர்வாக இருந்தன என்றெல்லாம் போர்மேன் தரப்பில் மனக்குறை எழுந்தது. அதுவரை வழங்கப்பட்ட மதிப்பெண்களிலோ மூவர் சீட்டிலும் அலியே முன்னணியில் இருந்தார். பிற்காலத்தில் போர்மேன் அந்தத் தோல்வியை ஏற்று அலியின் நெருங்கிய நண்பரானார். அதே போர்மேன் 1994இல், தம் நாற்பத்தைந்தாம் வயதில், மீண்டும் கனஎடைப் பட்டத்தை வென்றார். மிக மூத்த வயதில் அப்பட்டத்தை வென்றவர் என்ற பெயர் அதுவரை வால்காட்டுக்கு உரியதாக இருந்தது. வால்காட் வென்றார் என எழுதியவரும், போர்மேன் தோற்றார் என எண்ணியவரும் ஒருவரே. இந்தச் செய்தி வந்தபோது கிளேட்டன் உயிருடன் இருந்தார்.

மற்ற விளையாட்டுகளிலும் நிலைமை இதுவே. பேஸ்பாலின் பெருஞ்சங்கங்களில் ஜாக்கி ராபின்சன் 1947இல் நுழைந்தார். அங்கே முதற் கறுப்பின நடுவராக எம்மெட் ஆஷ்போர்டு நிற்பதற்கு 1966 ஆயிற்று. அமெரிக்கக் கால்பந்தில் பர்ல் டோலர் 1965இல் முதற் கறுப்பின ஆட்ட அலுவலரானார். கிளேட்டன் இவர்களுக்கெல்லாம் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் முன்னோடி. நம் நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. மராட்டிய மண்ணில் தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த பல்வாங்கர் பாலு ஒப்பற்ற பந்து வீச்சாளர். 1911இல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அவருடைய பந்து வேண்டும்; ஆனால் இடைவேளையில் அவருக்குத் தேநீர் வெளியே, மண்குவளையில். அணித் தலைமை அவருக்குக் கடைசி வரை வரவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது வந்தது. பந்து வீச அனுமதிப்பார்கள். பந்து யாருக்கு என்று சொல்ல அனுமதிக்க ஒரு தலைமுறை ஆகும்.

கிளேட்டன் 1997ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் ஆடிய ரென்ஸ் அணி 1963ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் அணியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. தனி மனிதராகக் கிளேட்டனுக்கு அங்கே இடம் கிடைத்தது 2017ஆம் ஆண்டில், அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து. கறுப்பின முன்னோடிகளைத் தேடி எடுப்பதற்கென்று அமைக்கப்பட்ட தனிக்குழு ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது.